கதைக்க ஓர் ஆள்: பிள்ளை பெற்றவளின் மனதைத் தேடிப் போனவர்கள்



இம்மாதப் பேச்சுக்கு நான் எடுத்துக்கொண்ட விடயம் பிள்ளை பெற்ற தாய்மாருக்கு வரும் மனச்சோர்வு. இதற்கு என்ன மருந்து, எந்த வைத்தியர் என்று சொல்ல நான் வரவில்லை. இந்தச் சோர்வு யாருக்கு வருகிறது, ஏன் வருகிறது என்பதை ஆய்வாளர்கள் எப்படித் தேடிக் கண்டுபிடித்தார்கள் என்ற வரலாற்றைத்தான் சொல்லப்போகிறேன். அந்த வரலாற்றின் முக்கியமான பகுதி நாங்கள் பஸ்ஸில் போய்வரும் இதே லண்டன் தெருக்களில் நடந்தது என்பது எங்களில் பலருக்குத் தெரியாது.

இருபது வருடங்களுக்கு மேலாக இந்த நகரத்தில் ஹெல்த் விசிற்றர்மாருடன் தமிழ் மொழிபெயர்ப்பாளராகவும், பின்னர் ஒரு தாய்மார் குழுவின் உதவிப் பணியாளராகவும் இருந்தவள் நான். ஆகவே இதைப் பற்றிக் கதைக்க எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன். அந்த வேலையில் காதில் விழுந்த எதையும், ஆளை அடையாளம் தெரியும்படி இங்கே எழுதமாட்டேன்.

பிரான்சில் லூயி விக்தோர் மார்சே என்ற வைத்தியர் கர்ப்பிணிகளுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் வரும் மனநோய்கள் பற்றி 1858இல் ஒரு பெரிய நூல் எழுதினார். அதன் பின்னும் நீண்டகாலம் இந்த விடயம் பெரும்பாலும் மனநோய் வைத்தியசாலைகளின் மதிலுக்குள்ளேயே கிடந்தது. புத்தி பேதலித்து, மற்றவர்கள் பயப்படும் நிலைக்கு வந்த பெண்களைத்தான் வைத்தியர்கள் கண்டார்கள். எங்கள் ஊரிலும் அப்படித்தானே? "சன்னி கண்டுவிட்டது" என்பார்கள். காய்ச்சலில் பிதற்றுவதும் சன்னிதான், பிள்ளையைத் தூக்க மறுத்து முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடப்பதும் சன்னிதான். ஆனால் அடுப்படியில் அழுதுகொண்டே சோறு வடித்து, பிள்ளைக்குப் பாலும் கொடுத்து, வந்தவர்களுக்குத் தேத்தண்ணியும் ஊற்றியவளுக்கு ஒரு பெயரும் இருக்கவில்லை.

அந்தப் பெயரில்லாத பெண்களை எண்ணத் தொடங்கியவர்களில் பிறைஸ் பிற் என்ற மனநல வைத்தியர் முக்கியமானவர். கிழக்கு லண்டனில் வைட்சப்பலில் உள்ள லண்டன் வைத்தியசாலைக்கு வந்த 305 பெண்களை அவர் கர்ப்ப காலத்திலும் பிரசவத்தின் பின்னும் கேள்வித்தாள் கொண்டு விசாரித்தார். முடிவு 1968இல் வெளிவந்தது. ஏறத்தாழப் பத்தில் ஒருவர் மனச்சோர்வோடு இருந்தார்கள். கிட்டத்தட்ட எல்லோரும் வீட்டில், ஒருவருக்கும் தெரியாமல்.

இதற்கு அடுத்த படியைப் போட்டவர்கள் வைத்தியர்கள் அல்லர், சமூக ஆய்வாளர்கள். ஜோர்ஜ் பிரவுண், திரில் ஹரிஸ் என்ற இருவரும் லண்டன் பெட்போர்ட் கல்லூரியில் இருந்தவர்கள். அவர்கள் தென் லண்டனில் கம்பர்வெல் பகுதியில் 458 பெண்களைச் சந்தித்தார்கள். வைத்தியசாலைப் பட்டியலைப் பார்த்துத் தெரிந்தெடுத்தவர்கள் அல்லர் இவர்கள். பொதுவாக அந்தப் பகுதியில் குடியிருந்த பெண்கள். வீடு வீடாகப் போய், மணிக்கணக்காக இருந்து கதை கேட்டார்கள். கடந்த ஒரு வருடத்தில் என்ன நடந்தது? யார் செத்தது, யாருக்கு வேலை போனது, வீட்டுக்காரன் எழும்பச் சொன்னானா, கணவன் வேறு ஒருத்தியிடம் போனானா?

இதிலே ஒரு நுட்பம் இருக்கிறது. "அது உங்களை எவ்வளவு பாதித்தது?" என்று பெண்ணிடம் கேட்டு அதை வைத்து மட்டும் அளந்தால், ஏற்கெனவே சோர்ந்திருப்பவள் எல்லாவற்றையும் பெரிதாகச் சொல்லலாம். ஆகவே, நடந்த சம்பவத்தையும் அவளுடைய வாழ்க்கைச் சூழலையும் மாத்திரம் வேறு ஆய்வாளர்கள் முன் வைத்தார்கள். அவள் அழுதாளா, படுக்கையில் விழுந்தாளா என்பதைச் சொல்லவில்லை. இப்படியான நிலையில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய அடியாக இருக்கும் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். எனக்கு இது ஒரு நீதியான முறையாகப் படுகிறது. ஹோம் ஒஃபிஸ் நேர்முகத்தில் இருந்து வந்த எங்களுக்கு, ஒருவருடைய துன்பத்தை மற்றவர் அளப்பது என்றால் என்ன என்று நன்றாகத் தெரியும். ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டு, தேதி பிசகினால் பொய் என்று எழுதும் அளவைக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்!

இவர்களுடைய நூல் 1978இல் வெளிவந்தது. அந்தப் பெண்களில் ஏறத்தாழ 15 வீதமானோர் அந்த ஒரு வருடத்துக்குள் வைத்தியம் தேவைப்படும் அளவு மனச்சோர்வு கொண்டிருந்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் மனநல வைத்தியரின் வாசலையே மிதிக்காதவர்கள். தொழிலாள வர்க்கக் குடும்பங்களில், சிறுபிள்ளைகளோடு வீட்டில் இருந்த தாய்மாரில் இது மிக அதிகம். சோர்வு வந்தவர்களில் பெரும்பாலானோருக்கு அதற்கு முன் ஒரு பெரிய இழப்போ நீண்டகாலத் தொல்லையோ இருந்தது.

ஆனால் பெரிய அடி விழுந்த எல்லோரும் விழுந்துவிடவில்லை. ஏறத்தாழ ஐந்தில் ஒருத்திதான் விழுந்தாள். மற்ற நால்வரும் எப்படி நின்றார்கள் என்று தேடியபோது நான்கு விடயங்கள் துலங்கின. பதினொரு வயதுக்கு முன் தாயை இழந்திருத்தல், பதினான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் மூன்றோ அதற்கு மேலோ வீட்டில் இருத்தல், வெளியே சம்பளத்துக்கு வேலை இல்லாதிருத்தல், மனம் விட்டுக் கதைக்க நெருங்கிய ஆள் ஒருவர் இல்லாதிருத்தல். இவற்றில் ஏதேனும் உள்ளவளை அடி எளிதாக வீழ்த்தியது.

இந்த நான்காவதில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். "கதைக்க ஆள்" என்று அவர்கள் எண்ணியது, தெருவில் கண்டால் சிரிப்பவரை அல்ல. முதலிடம் கணவனுக்கு, அல்லது அதே அளவு நெருக்கமாகக் கூட வாழ்பவருக்கு. அடுத்த இடம் கிழமைக்கு ஒரு தடவையாவது காணும் தாய், சகோதரி, சிநேகிதிக்கு. முதலிடத்தில் ஆள் உள்ளவளுக்குத்தான் பாதுகாப்பு மிக அதிகம். அதாவது வீட்டுக்குள்ளே இருக்கும் மனிதன் காது கொடுத்தால் அது மிகப் பெரிய மருந்து. இதைப் படிக்கும் ஆண்களுக்கு நான் பிரசங்கம் செய்யவில்லை. பகலில் கடையும் இரவில் பெற்றோல் நிலையமுமாக இரண்டு வேலை செய்து, ஊரில் தங்கைக்கும் அனுப்பி, ஏஜென்சிக் கடனும் கட்டியவர்கள் விடிய வந்து படுக்கும்போது, யாருக்குக் காது கேட்கும்? ஆனால் கணக்கு அப்படித்தான் சொல்கிறது.

பிரவுணும் ஹரிஸும் பின்னர் வால்தம்ஸ்ரோ பகுதியில் ஓர் ஆய்வு செய்தார்கள். ஆம், எங்கள் ஆட்கள் நிறையப்பேர் இருக்கும் அதே வால்தம்ஸ்ரோதான். சிறுவயதில் தாயை இழந்த பெண்களைத் தேடிப்போய், அந்த இழப்பு எப்படி வளர்ந்த பின்னும் துரத்துகிறது என்று பார்த்தார்கள். 1980களின் நடுவில் வெளிவந்த அந்த ஆய்வு முக்கியமான ஒன்றைக் காட்டியது. தாய் போனதைவிட, தாய் போன பின் அந்தப் பிள்ளையை யார், எப்படிப் பார்த்தார்கள் என்பதுதான் கூடுதலாகத் தீர்மானிக்கிறது. அன்போடு பார்க்கப்பட்ட பிள்ளை பெரும்பாலும் தப்பித்தது.

இந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் பிள்ளைகளின் முகம்தான் வரும். 1995 இடப்பெயர்விலும் 2009 முள்ளிவாய்க்காலிலும் தாயைப் பறிகொடுத்த சிறுமிகள் எத்தனை பேர்! 2009இல் எட்டு வயதாக இருந்தவளுக்கு இப்போது இருபதுகளின் நடு வயது. திருமணமாகி லண்டனுக்கும் பாரிசுக்கும் ரொறன்ரோவுக்கும் வந்து, தானும் ஒரு பிள்ளைக்குத் தாயாகும் வயது. அந்தப் பெண் கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு தன் தாயை நினைத்து அழுதால், அது "பழசை நினைச்சு அழுகிறாள்" என்று தள்ளிவிடும் விடயம் அல்ல. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இருந்த மனநல வைத்தியர் தயா சோமசுந்தரம், போரில் காயப்படுவது தனியாள் மட்டுமல்ல, குடும்பமும் ஊரும் சேர்ந்தே காயப்படுகின்றன என்று பல வருடங்களாக எழுதி வந்தார். தாயில்லாப் பிள்ளையை யார் பார்த்தது என்ற கேள்விக்கு எங்கள் ஊரில் பதிலாக இருந்தவர்கள் சித்தியும் பெரியம்மாவும் அம்மம்மாவும். அவர்களும் அதே பங்கருக்குள்தான் இருந்தார்கள்.

இனி ஸ்கொட்லாந்துக்குப் போவோம். ஜோன் கொக்ஸ் என்ற மனநல வைத்தியர் 1970களின் தொடக்கத்தில் உகண்டாவின் மக்கரேரே பல்கலைக்கழகத்தில் வேலை செய்தவர். அங்கே கிராமத்துக் கர்ப்பிணிகளையும் தாய்மாரையும் ஆராய்ந்தபோது, பிள்ளைப்பேற்றின் பின் வரும் ஒரு மனக் குழப்பத்துக்கு அந்த மக்கள் 'அமக்கிரோ' என்று ஒரு பெயரே வைத்திருந்ததைக் கண்டார். எங்கள் சன்னி போல. பின்னர் எடின்பரோவில் ஜெனிபர் ஹோல்டன், ரூத் சாகொவ்ஸ்கி என்பவர்களுடன் சேர்ந்து, 1987இல் பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு சிறு தாளை வெளியிட்டார். எடின்பரோ அளவுகோல் என்று இன்று உலகம் முழுக்க அறியப்படுவது அதுதான். கடந்த ஏழு நாட்கள் எப்படி இருந்தன என்று கேட்கும். ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை புள்ளி, மொத்தம் 30. களைப்பா, உடம்பு உளைவா என்று அது கேட்பதில்லை. கைக்குழந்தை உள்ள எந்தத் தாய்தான் களைக்காமல் இருப்பாள்? பழைய கேள்வித்தாள்கள் அங்கேதான் தடுமாறின.

இந்தத் தாளைத் தமிழில் வாயால் சொல்லும் வேலை எனக்கு எத்தனையோ தடவை வந்தது. அதிலே ஒரு கேள்வி, பாரங்கள் தலைக்கு மேல் ஏறுவது போன்ற ஓர் ஆங்கில வழக்கில் அமைந்தது. சொல்லுக்குச் சொல் மாற்றினால் தாய் கூரையைப் பார்ப்பாள். "சமாளிக்க ஏலாமல் கிடக்குதோ பிள்ளை?" என்றால் உடனே கண் கலங்கும். "வருத்தம்" என்ற சொல்லையே எடுங்கள். தமிழ்நாட்டில் அது மனக்கவலை. எங்களுக்கு அது காய்ச்சல், இருமல். "வருத்தமாக இருக்கிறதா?" என்று கேட்டால், "இல்லை, இப்ப தடிமன் விட்டிட்டுது" என்பாள் யாழ்ப்பாணத்துப் பெண். மனச்சோர்வு என்ற அச்சுச் சொல்லைச் சொன்னால் ஒருத்தியும் தலையாட்டமாட்டாள். "ஒரே யோசினை", "நெஞ்சுக்குள்ளை ஏதோ அடைக்குது", "தலை விறைச்ச மாதிரி" என்பவைதான் எங்கள் சொற்கள்.

பத்தாவது கேள்வி தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. ஒரு கிளினிக்கில், நான் போய்ச் சேரப் பிந்தியதால் கணவரையே மொழிபெயர்க்க விட்டிருந்தார்கள். கதவைத் திறந்தபோது ஒன்பதாவது கேள்வி முடிந்திருந்தது. பத்தாவதை அவர் மனைவியிடம் கேட்காமலே "நோ" என்று தாதிக்குச் சொன்னார். கெட்ட மனிதர் அல்ல. அந்த வார்த்தையைத் தன் வாயால் மனைவியிடம் சொல்ல அவருக்கு நா எழவில்லை. இது சின்ன விடயம் அல்ல. 1997 முதல் 1999 வரை பிரித்தானியாவில் நடந்த தாய்மார் மரணங்களை விசாரித்து 2001இல் வந்த அறிக்கை, மரணப் பதிவேடுகளையும் இணைத்துப் பார்த்தபோது, தற்கொலையே தாய்மார் மரணத்தின் முன்னணிக் காரணம் என்று கண்டது. இரத்தப்பெருக்கு, வலிப்பு என்பவற்றையே பயந்துகொண்டிருந்தவர்களுக்கு அது ஓர் அதிர்ச்சி.

இப்போது எங்களுக்கு மிகவும் பழக்கமான ஒரு வாதத்துக்கு வருகிறேன். "ஊரிலை இந்த வியாதி இல்லை. அங்கை பிள்ளை பெத்தவளைப் பாக்க ஆள் இருந்தது." இதைச் சொல்லாத அம்மம்மா இல்லை. வேடிக்கை என்னவென்றால், 1983இல் க்வென் ஸ்டேர்ன், லோரன்ஸ் குருக்மன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் கிட்டத்தட்ட இதையே ஓர் ஆய்விதழில் எழுதினார்கள். பல சமுதாயங்களில் பிள்ளை பெற்றவளுக்குக் கட்டாய ஓய்வு, விலக்கு, சாப்பாடு, உதவி, அவள் இப்போது தாய் என்ற கௌரவம் எல்லாம் சடங்காகவே கிடைக்கின்றன, மேற்கு நாடுகளில் அது இல்லை, சோர்வுக்கு அது ஒரு காரணமாகலாம் என்பது அவர்கள் வாதம். எங்கள் 31 நாள் துடக்கை நினைத்துப் பாருங்கள். சரக்கு அரைத்த பத்தியக்கறி, இலை அவித்த தண்ணீரில் வேது, வயிற்றுக்குத் துணி கட்டல், அடுப்படிக்குப் போக விடாமை. துடக்கு என்ற சொல்லை இன்றைய பிள்ளைகள் வெறுக்கிறார்கள், நியாயம்தான். ஆனால் அந்தச் சொல்லின் மறைவில் ஒரு பெண்ணுக்கு ஒரு மாத லீவு இருந்தது. லண்டனுக்கு நாங்கள் சரக்குத்தூளைக் கொண்டுவந்தோம், அரைத்துக் கொடுத்த ஆளைக் கொண்டுவர முடியவில்லை.

ஆனாலும் ஊரை முழுதாகப் புகழ எனக்கு மனம் வரவில்லை. காரணம் வேலூர் ஆய்வு. தமிழ்நாட்டில் வேலூருக்குப் பக்கத்துக் கிராமங்களில், கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலும் பின்னர் பிரசவம் முடிந்து 6 முதல் 12 வாரங்களிலும் தாய்மாரைச் சந்தித்துச் செய்த ஆய்வு 2002இல் வெளிவந்தது. பிரசவத்தின் பின் புதிதாகச் சோர்வு வந்தவர்கள் 11 வீதம். லண்டனில் பிறைஸ் பிற் கண்ட கணக்குக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை! வீட்டில் ஆள் இல்லாத கிராமமா அது? மாமியார், நாத்தனார், அம்மா எல்லோரும் இருந்தார்கள். சோர்வோடு சேர்ந்து வந்த காரணங்கள் எவை தெரியுமா? வருமானக் குறைவு, ஆண்பிள்ளையை எதிர்பார்த்த இடத்தில் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் உள்ள பிணக்கு, கர்ப்ப காலத்தில் நடந்த துன்பங்கள், கைவேலைக்கு உதவி இல்லாமை. வீடு நிறைய ஆட்கள் இருக்கலாம், கதைக்க ஆள் இல்லாமலும் இருக்கலாம். 2005இல் வேலூரில் எடின்பரோ அளவுகோலின் தமிழ் வடிவத்தையும் சோதித்தார்கள். ஆங்கிலேயத் தாய்மாருக்கு வைத்த எல்லையைவிடக் குறைந்த புள்ளியிலேயே தமிழ்த் தாய்மாரைக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்தது. நாங்கள் குறைத்துச் சொல்லும் ஆட்கள் என்பதுதான் அதற்கு நான் கொடுக்கும் விளக்கம்.

அப்படியென்றால் அகதியாக வந்தவளுக்கு என்ன? 1990களில் மெல்பேர்னில் வியட்நாமிய, துருக்கிய, பிலிப்பினோத் தாய்மாரிடம் அவர்களுடைய மொழியிலேயே கேட்ட ஆய்வில், தனிமையையே பலர் பெரிய காரணமாகச் சொன்னார்கள். கனடாவில் 2008இல் வெளிவந்த ஆய்வில், கனடாவில் பிறந்த தாய்மாரில் 100க்கு 8 பேர் எடின்பரோ தாளில் கவலைக்குரிய புள்ளி எடுத்தபோது, அகதிகளில் ஏறத்தாழ 26 பேரும், அகதி அந்தஸ்துக்கு விண்ணப்பித்துக் காத்திருந்தவர்களில் 31 பேரும், குடியேற்றவாசிகளில் 35 பேரும் எடுத்தார்கள். கடைசி எண்ணைக் கவனியுங்கள். போரைக் காணாமல், முறையாக விசா எடுத்து வந்தவர்களும் அதே வரிசையில்தான். ஆகவே குண்டும் செல்லும் மாத்திரம் காரணம் என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. இங்கே வந்த பின் அமைந்த வாழ்க்கையையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, என்ன உதவியது என்பதுதான். எடின்பரோ குழு 1989இல் ஒரு பரீட்சார்த்தம் வெளியிட்டது. சோர்வுற்ற தாய்மாரில் ஒரு பகுதியினரிடம் ஹெல்த் விசிற்றர்மார் கிழமைக்கு ஒரு தடவை, எட்டுக் கிழமைகள் போய், புத்தி சொல்லாமல் இருந்து கேட்டார்கள். அந்த 26 பேரில் 18 பேர் தேறினார்கள். வழமையான கவனிப்பு மட்டும் கிடைத்த 24 பேரில் 9 பேர். திரில் ஹரிஸ் 1999இல் இன்னும் ஒரு படி போனார். பயிற்சி பெற்ற தொண்டர்கள், அதாவது சாதாரணப் பெண்கள், நீண்டகாலம் சோர்ந்திருந்த லண்டன் பெண்களோடு சிநேகிதம் பிடித்துப் பழகினார்கள். அவர்களில் 65 வீதமானோர் தேற, அந்தச் சிநேகிதம் கிடைக்காதவர்களில் தேறியது 39 வீதம். ராவல்பிண்டிப் பக்கக் கிராமங்களில் ஆதிப் ரஹ்மான் குழு பாகிஸ்தானின் சாதாரணப் பெண் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்துச் செய்த வேலையின் முடிவு 2008இல் வந்தது. ஆறு மாதத்தில், பயிற்சி பெற்றவர்கள் பார்த்த தாய்மாரில் 23 வீதம் பேருக்கும், மற்ற இடங்களில் 53 வீதம் பேருக்கும் சோர்வு இருந்தது. ஒன்ராறியோவில் 2009இல், முன்பு இதே சோர்வை அனுபவித்து மீண்ட தாய்மார் புதுத் தாய்மாருக்குத் தொலைபேசி எடுத்துக் கதைத்தார்கள். வீட்டுக்குக்கூடப் போகவில்லை. அதுவே சோர்வைப் பாதியளவுக்குக் குறைத்தது.

மருந்து வேண்டாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. கடுமையான நிலையில் இருப்பவளுக்கு வைத்தியர் வேண்டும், உடனே வேண்டும். ஆனால் நடுவில் நிற்கும் பெரும் தொகையானவர்களுக்கு இந்த ஆய்வுகள் காட்டிய உதவி, எங்கள் கைக்கு எட்டாத ஒன்று அல்ல.

எங்கள் குழுவுக்கு வந்த தாய்மார் இரண்டு பயங்களோடு வந்தார்கள். ஒன்று, சொன்னால் சோஷல் சேர்விஸ் பிள்ளையைப் பறித்துவிடும். மற்றது, சொன்னால் ஊருக்குத் தெரிந்துவிடும். முதலாவது பயத்தைத் தீர்ப்பது எளிது. மனச்சோர்வுக்கு உதவி கேட்டதற்காகப் பிள்ளையை எடுப்பதில்லை என்று பொறுமையாக விளக்கினால் போதும். இரண்டாவதுதான் கடினம். "அக்கா, நீங்கள் எந்த ஊர்?" என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லும்வரை வாய் திறக்காத பெண்கள் பலர். என் ஊர் அவர்களுடைய ஊருக்குத் தூரம் என்றால் முகம் தெளியும்.

எங்கள் குழு கூடிய சிறுவர் நிலையம் 1998இல் அரசு தொடங்கிய ஷுவர் ஸ்ரார்ட் திட்டத்தில் வந்தது. 2010க்குப் பின் நாடு முழுக்க அப்படிப்பட்ட நூற்றுக்கணக்கான நிலையங்கள் மூடப்பட்டபோது அதுவும் போனது. மறுபுறம், சில விடயங்கள் முன்னேறியும் இருக்கின்றன. தாய்க்கும் சேய்க்குமான மனநலக் குழுக்கள் இப்போது இங்கிலாந்தின் எல்லாப் பகுதிகளிலும் உண்டு. 2020இலிருந்து, பிள்ளை பிறந்து 6 முதல் 8 வாரங்களில் ஜீபி பிள்ளையை மட்டுமன்றித் தாயையும் தனியே பார்த்து, மனநிலையையும் விசாரிக்க வேண்டும் என்பது அவர்களுடைய ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. அந்தச் சந்திப்புக்கு மகளையோ மருமகளையோ அனுப்பும்போது மொழிபெயர்க்கக் கணவரையோ மாமியையோ கூட்டிப்போக வேண்டியதில்லை. நேரம் எடுக்கத் தொலைபேசி செய்யும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டு வையுங்கள், அதற்குக் காசு இல்லை. பெண்தான் வேண்டும் என்றும் கேட்கலாம். தொலைபேசி வழியாக, வேறு நகரத்தில் இருக்கும் முகம் தெரியாத ஒருவர் போதும் என்றும் கேட்கலாம்.